மலை ஏறின என் சேலை

கண்ணு,

இந்தக் கடிதாசியைப் பாதியில கசக்கிப் போட்டுடாதே. நீ போடுவே. உன் கோபம் எனக்குத் தெரியும், அது என்கிட்ட இருந்து வந்ததுதானே. நாளன்னிக்கு நீ மஸ்கட்டுக்குப் ப்ளேன் ஏறப்போறே. எதிர்ல உக்கார வெச்சுச் சொல்லிப்போடலாம்னு நாலு நாளா வாயைத் தொறக்கறதும் மூடறதுமா இருந்தேன். "சட்னிக்கு உப்பு போதுமா"ன்னு கேட்டதோட நின்னுபோச்சு. ஆயுசு பூராவும் அடுத்தவங்க எழுதினதை டைப் அடிச்சவளுக்குச் சொந்தமா நாலு வரி எழுத வர மாட்டேங்குது. அதனால சுத்தி வளைக்காம மொதல்லயே சொல்லிப்போடறேன். ஆறு வருசத்துக்கு முன்னாடி நீ தவளையைப் பத்தி எழுதி, மலையில இருந்து மாரன்கிட்டக் கொடுத்தனுப்பின தாள் தொலையலை. மாரன் அதைப் பஸ்ல விடலை, மழையில நனைய விடலை. பத்திரமாக் கொண்டாந்து என் கையில கொடுத்தாரு. நான்தான் என் மேசை டிராயர்ல, கார்பன் பேப்பர் கட்டுக்கு அடியில வெச்சுப் பூட்டிப்போட்டேன்.

ஏன்னு கேப்பே. அதைச் சொல்றதுக்கு முன்னாடி எங்க காட்டிலாகா ஆபீஸ் பொழப்பு என்னன்னு சொல்லணும், அது உனக்கே பாதிதான் தெரியும். பத்து வருசத்துக்கு ஒரு தடவ காட்டுக்குத் திட்டப் புத்தகம் எழுதுவாங்க. எந்தச் சரிவைத் தொடக்கூடாது, எங்க ரோடு போடலாம், எங்க மரம் வெக்கலாம், எல்லாம் அதுலதான் இருக்கும். அதுல ரெண்டாவது அத்தியாயம் மழை, வெயில், பனி. அந்த அத்தியாயத்தை யாரும் புதுசா எழுதினதே இல்லை. பழைய புத்தகத்தை எடுத்துப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அப்படியே அடிக்கணும், அதுதான் வழக்கம். பழைய புத்தகம் அதுக்கு முந்தின புத்தகத்தைப் பார்த்து அடிச்சது. 'இம்மலையில் மழை தவறுவதில்லை'ன்னு ஒரு வரி. எந்த வெள்ளைக்காரன் குடை பிடிச்சுக்கிட்டு எழுதினானோ, என் சர்வீஸ்ல மட்டும் அதை மூணு தடவ அடிச்சிருக்கேன். மூணாவது தடவ அடிச்ச வாரந்தான் அன்னூர்ல உங்க மாமன் தோட்டத்துக்குப் போர் போடற லாரி வந்திருந்துச்சு. கெணத்தை வெட்டி வெட்டிப் பாறைக்கு எறங்கியாச்சு, அதுலயும் தண்ணி இல்லை. ஞாயித்துக்கெழமை அந்தப் புழுதியை மூஞ்சியில வாங்கிக்கிட்டு வந்து, வியாழக்கெழமை 'மழை தவறுவதில்லை'ன்னு அடிச்சேன். கை கூசலை கண்ணு. கூசியிருக்கணும்.

நீ எம்.எஸ்சி. முடிச்சு, அந்தத் திட்டத்துக்கு ஒத்தாசையா ரெண்டு வருசத் தற்காலிக வேலைக்கு மலைக்குப் போனப்ப, அப்ப இருந்த பெரிய ஆபீசர் நல்ல மனுசன், "தவளைக்கும் ஒரு பக்கம் எழுதுப்பா"ன்னு சொல்லி அனுப்பினாரு. ஆபீஸே சிரிச்சுது. எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு. ஊருப் பையனெல்லாம் பம்பு கம்பெனியில, மில்லுல சேர்ந்து பைக்ல போறான், எம்பையன் தவளை எண்ணப் போறான்னு யாருகிட்டச் சொல்ல? உங்கப்பன் செத்தப்பறம் ஒத்தைக் கையில வளர்த்தின புள்ளை. நீ போன மாசமே அந்தக் காட்டுல ஒரு ஆளை யானை அடிச்சுப்போட்டுதுன்னு சேதி வந்துச்சு. அந்தக் காகிதத்தையும் நான்தான் டைப் அடிச்சேன். பேரு வர்ற எடத்துல உம்பேரா இருந்திருந்தா என்னாகும்னு நெனச்சு நெனச்சு, மூணு தாளை வீணடிச்சேன்.

மொதல் மழைக்கு முன்னாடி நீ வந்து என் பீரோவைத் தொறந்து, "பழைய சேலை எதாச்சும் இருந்தாக் கொடும்மா"ன்னு கேட்டது ஞாபகம் இருக்குதா? எதுக்குடான்னா, தவளை கத்தற மரத்துக்கு அடையாளம் கட்டறதுக்காமா. பெயின்ட் அடிச்சா பாசி மூடிக்குது, கயிறு கட்டினா இத்துப்போகுது, சேலைக் கரைதான் நிக்குதுன்னு மாரன் சொன்னாருன்னு சொன்னே. வேட்டைத் தடுப்புக் காவலுக்கு இருந்த அந்த மலைவாசிதான் உனக்குத் தவளைச் சத்தத்தைப் பிரிச்சுச் சொல்லிக் கொடுத்தவரு. ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தேன். வருசத்துக்கு ஒரு சேலை, வருசத்துக்கு ஒரு நெறம். மொதல் வருசம் என் கத்திரிப்பூக் கலர் சுங்குடி. ரெண்டாவது வருசம் நீ பத்தாவது பாஸ் பண்ணினப்ப நான் எடுத்த பச்சைக் கண்டாங்கி. மொதல் மழை விழுந்த வாரத்துல எந்த மரத்தடியில அது கத்துதோ, அந்த மரத்துல ஒரு துண்டு. அம்புட்டுத்தான் உங்க ஆராய்ச்சி. நான்கூடக் கேலி பண்ணினேன், "என் சேலையைக் கட்டிக்கிட்டு மரம் எல்லாம் கல்யாணத்துக்கா போகுது"ன்னு.

அந்த ரெண்டாவது வருசம் நீ எறங்கி வந்தப்ப, அடுப்படியில சாப்பிட்டுக்கிட்டே எனக்குச் சொன்னதை ஒரு எழுத்து விடாம இப்பவும் சொல்லுவேன். கட்டை விரல் நகம் அளவுத் தவளை. அது குட்டையில முட்டை வெக்கறதில்லை. ஈரப்பாசியில வெக்குது, தலைப்பிரட்டையே ஆகாம முட்டைக்குள்ளயே தவளையாகி வெளிய வருது. அதனால அதுக்குத் தண்ணி வேண்டியதில்லை, பனி வேணும், ஈரம் வேணும். கீழ ஓடைப் பக்கம் பனி எறங்கறது கொறைஞ்சுபோச்சு, அதுவும் மேல ஏறிப் போகுது. "ரெண்டு வருசத்தை வெச்சு அடிச்சுச் சொல்லக்கூடாதும்மா, ஆனா மாரன் சொல்றாரு அவரு சின்ன வயசுல ஓடையிலயே கத்துமாமா"ன்னே. தட்டத்துல சாம்பார்ல மூணு கோடு போட்டே. "இது இப்ப இருக்கற எடம். இது நாளைக்கு அது போகப்போற எடம். நடுவுல இருக்கறது அது போற வழி. புத்தகத்துல கீழ் எடத்தை மட்டும் காப்பாத்தறம்னு எழுதியிருக்காங்க. மேல ரோடு போடறாங்க. அது ஏறி வரும்போது தாரு இருக்கும்மா, மரம் இருக்காது. திட்டம்னா இன்னிக்கு இருக்கறதுக்கு வேலி போடறதில்லை, நாளைக்குப் போறதுக்கு எடம் விடறது." எனக்குப் புரிஞ்சுது கண்ணு. நல்லாவே புரிஞ்சுது. அன்னூர்ல தண்ணி எறங்க எறங்க நாம கடப்பாரையோட பின்னாடியே எறங்கறோம், அதுக்குக் கடப்பாரை இல்லை, அது ஏறுதுன்னு எனக்குப் பட்டுது. அதைச் சொல்லலாம்னு, "அப்படின்னா அந்த மழை அத்தியாயமே தப்பு இல்லையா"ன்னு ஆரம்பிச்சேன். நீ சிரிச்சே. "உனக்கெங்கம்மா இதெல்லாம். இருபத்தஞ்சு வருசமா அர்த்தம் தெரியாமத்தானே அடிச்சுக்கிட்டிருக்கே"ன்னே.

நீ வெளையாட்டாத்தான் சொன்னே. சொன்னதே உனக்கு ஞாபகம் இருக்காது. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன், நீ மோர் ஊத்திச் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டே. அந்த ஒரு வார்த்தையை நான் இத்தன வருசம் உப்புப் போட்டு ஊற வெச்சிருக்கேன்னு சொன்னா உனக்குச் சிரிப்பு வரும். வரட்டும்.

நீ மறுபடி மலைக்குப் போயிட்டே. புத்தகம் அந்த வெள்ளிக்கெழமை மெட்ராஸ் போகணும். பெரிய ஆபீசர் டூர்ல இருந்தாரு, "பையன் தாள் வந்தா ரெண்டாவது அத்தியாயத்துல சேர்த்து, மேல் சரிவையும் தொடக்கூடாத எடமாப் போட்டுக் கட்டிருங்க"ன்னு என்கிட்டத்தான் சொல்லிட்டுப் போனாரு. வியாழக்கெழமை மத்தியானம் மாரன் வந்தாரு. மலையில மழை, ரோட்டுல மண் சரிஞ்சு, பாதி தூரம் நடந்து, அப்பறம் பொள்ளாச்சி வந்து பஸ் மாறி வந்திருக்காரு. சட்டைக்குள்ள, பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, வயித்தோட கட்டியிருந்தாரு. ஆளு முழுக்க நனைஞ்சிருந்தாரு, தாள் மட்டும் காஞ்சு இருந்துச்சு. "தம்பி உங்க கையிலயே கொடுக்கச் சொன்னாருங்கம்மா"ன்னாரு. நான் வாங்கிப் படிச்சேன். மரத்தோட அடையாளம், சேலை நெறம், எந்த ஒசரம், எல்லாம் உன் கோழிக் கிறுக்கல்ல. அடியில ஒரு வரி: 'இதை உறுதி செய்ய இன்னும் மூன்று வருடமாவது தொடர்ந்து பார்க்க வேண்டும்.' மூணு வருசம். இன்னும் மூணு வருசம் நீ அந்தக் காட்டுல. உங்க மாமன் பவுண்டரியில உனக்கு எடம் சொல்லி வெச்சிருந்தாரு. ஆர்.எஸ்.புரத்துல ஒரு பொண்ணு ஜாதகம் பொருந்தி வந்திருந்துச்சு. யானை அடிச்ச ஆளோட பேரு என் விரல்லயே இருந்துச்சு. தாளை டிராயர்ல வெச்சேன். பழைய புத்தகத்தைத் தொறந்து, 'மழை தவறுவதில்லை'ன்னு அடிச்சேன்.

பயத்துல செஞ்சேன்னு சொல்லிட்டாப் பெத்தவ பாசம்னு போயிரும். நீயும் ஒரு நாள் மன்னிச்சுப்போடுவே. ஆனா பூராவும் பயம் இல்லை கண்ணு. அடிக்கும்போது மனசுக்குள்ள என்ன ஓடுச்சு தெரியுமா? 'அர்த்தம் தெரியாம அடிக்கறவதானே, பாரு, அர்த்தம் தெரியாமயே அடிக்கறேன்.' அதுதான் ஓடுச்சு. பெத்த மகன்மேல வஞ்சம் வெச்சு ஒரு மலையை அடிச்சேன். இதை நான் எந்தச் சாமிகிட்டயும் சொன்னதில்லை.

அப்பறம் நடந்தது உனக்குத் தெரியும், எனக்குத் தெரிஞ்ச மாதிரி உனக்குத் தெரியாது. நீ எறங்கி வந்து, புத்தகம் போயிருச்சு, உன் பக்கம் இல்லைன்னு தெரிஞ்சு, தாள் என் கைக்கு வரவே இல்லைன்னு நான் சொன்னதும், நம்மூட்டு வாசல்ல நிக்க வெச்சு மாரனைக் கேட்டே. "ஒரு தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கத் துப்பில்லையா? குடிச்சுப்போட்டுப் பஸ்ல விட்டுட்டியா?" உன்னைவிட மூத்த மனுசன். நான் கதவுக்கு இந்தப் பக்கம் காப்பி டம்ளரோட நின்னேன், அதுவும் அவருக்குன்னு வெளிய வெச்சிருக்கற டம்ளர். அவரு என்னை ஒரே ஒரு தடவ பார்த்தாரு. நான் கீழ குனிஞ்சுக்கிட்டேன். "தப்புதானுங்க தம்பி"ன்னாரு. காப்பியை வாங்காமயே போயிட்டாரு. நீ உன் நோட்டுப் பூராவையும் வெந்நி அடுப்புல போட்டே. நான் தடுக்கலை. அந்த வெந்நியிலயே குளிச்சேன்.

நான் நெனச்சதெல்லாம் நடந்துச்சு. நீ பவுண்டரிக்குப் போனே. பத்திரமா இருந்தே. யானை இல்லை, அட்டை இல்லை. பொண்ணு வேண்டாம்னுட்டே. பேச்சையும் கொறைச்சுக்கிட்டே. சாயங்காலம் வருவே, கையில கரி கழுவுவே, டி.வி. முன்னாடி உக்காருவே. மழை பெய்யும்போது மட்டும் வாசல்ல போய் நிப்பே, நான் வந்தா உள்ள போயிருவே. ஊட்டோட இருக்கட்டும்னு புள்ளையை எறக்கிக் கொண்டாந்தேன், வந்து சேர்ந்தது வேற யாரோ. இப்ப அவனும் மஸ்கட்டுக்குப் போறான், பம்பு விக்க. தண்ணியே இல்லாத ஊருக்கு.

மலையிலயும் எல்லாம் புத்தகப்படி நடந்துச்சு. டூரிஸ்ட்காரங்க நின்னு பாக்கற பார்வை மேடைக்கு ரோடு போட ஆரம்பிச்சு, ரெண்டு வளைவு முடிஞ்சுது. வளைவு வெட்டின எடத்துல ஊத்து அத்துப்போச்சுன்னு பில்லு டைப் அடிக்கும்போது தெரிஞ்சுக்கிட்டேன். மூணாவது வளைவு இந்த மழை முடிஞ்சதும் வெட்டறாங்க. பழைய ஆபீசர் மாறிப் போயாச்சு. வந்திருக்கற புதுசு சின்ன வயசுக்காரரு, ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி வெச்சவரு. புத்தகத்துல பாதிக் காலம் முடிஞ்சதுனால, திருத்தம் எதாச்சும் இருந்தா இந்த மாசக் கடைசிக்குள்ள கொடுங்கன்னு சுற்றறிக்கை போட்டாரு. அதையும் நான்தான் அடிச்சேன். அடிச்சுப்போட்டு டிராயரைத் தொறக்காமயே ஊட்டுக்கு வந்தேன்.

நேத்து எனக்குப் பிரிவு உபசாரம். மாலை, சால்வை, காரம், லட்டு, ஒரு பட்டுச் சேலை. "ஒரு எழுத்துப் பிழை இல்லாம அடிச்சவங்க"ன்னு பேசினாங்க, கேக்கறதுக்கே நாராசமா இருந்துச்சு. எல்லாம் கலைஞ்சப்பறம் பாத்தா, சைக்கிள் ஸ்டாண்டு ஓரமா மாரன் நிக்கறாரு. மூஞ்சி வத்திப்போச்சு, ஒரு கண்ணுல பூ விழுந்திருக்குது. கையில பழைய மஞ்சப் பை. "ஏனுங்கம்மா, இன்னியோட ஆபீஸ் முடியுதுன்னாங்க, அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க"ன்னாரு. பையைக் கவுத்துக் காட்டினாரு. கிழிச்சு மிச்சமான ஆறு சேலையோட ஓரம். ஆறு வருசமா, ஒருத்தரும் சொல்லாம, ஒருத்தரும் கேக்காம, மொதல் மழை வாரத்துல போய்க் கட்டிக்கிட்டே இருந்திருக்காரு கண்ணு. நீ கொடுத்துட்டு வந்த என் சேலை மூட்டை, வருசத்துக்கு ஒண்ணா. ஒரு வருசம் எறங்கிக்கூட வந்துச்சாமா, ரெண்டு வருசம் நின்ன எடத்துலயே நின்னுச்சாமா, மத்த வருசமெல்லாம் ஏத்தந்தானாம். "சேலை தீந்துபோச்சுங்கம்மா. பழசு எதாச்சும் இருந்தாக் கொடுங்க. ஆனா மேல கட்ட மரமும் தீரப்போகுதுங்க. கடைசி வரிசைக்கு வந்துருச்சு. அதுக்கு மேல வெறும் பாறைதானுங்க." அந்தக் கடைசி வரிசையிலதான் மூணாவது வளைவுக்கு அளந்து குச்சி நட்டிருக்காங்க.

சைக்கிள் ஸ்டாண்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே கேட்டேன், "அன்னிக்கு எங்கிட்டக் கொடுத்தேன்னு ஏங்க நீங்க சொல்லலை?" இத்தன வருசமா வா, போன்னு பேசினவரை நேத்துத்தான் மொதல் தடவையா 'ங்க' போட்டுப் பேசினேன். அவரு பையை மடிச்சாரு. "நீங்க தம்பியைப் பெத்தவங்க. எப்படியும் ஒரு நாளைக்கு அந்தத் தாளைக் கொடுத்துப்போடுவீங்கன்னு இருந்தேனுங்க. அதுவரைக்கும் கணக்கு விட்டுப்போகக் கூடாதில்லீங்க"ன்னாரு. என்னைச் செருப்பால அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அவரையும் கூட்டிக்கிட்டு உள்ள போனேன். டிராயரைத் தொறந்து உன் தாளை எடுத்தேன். அவரு ஒவ்வொரு வருசத்துக்கும் எந்த மரம்னு சொல்லச் சொல்ல, எந்த வருசம் எந்தச் சேலைன்னு நான் துண்டைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, கீழ மிச்சப் பட்டியலை அடிச்சேன். கடைசியா ஒரு பத்தி என் சொந்தமா அடிச்சேன்: இந்தத் தாள் இன்ன நாளில் என் கையில் கிடைத்தது, நான்தான் மறைத்தேன், ரெண்டாவது அத்தியாயம் பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதியது, அது பொய். கையெழுத்துப் போட்டு, வரவு முத்திரை குத்தி, ஆபீசர் மேசையில வெச்சேன். பக்கத்து சீட்டு அம்மா பார்த்துட்டு, "ஏக்கா, பென்சன் பேப்பர் நகர்றதுக்கு முன்னாடி இது உங்களுக்குத் தேவையா"ன்னா. பென்சன் நகரலைன்னா உங்க மாமன் தோட்டத்துல களை எடுக்கறேன். ஆபீசர் படிச்சுப்போட்டு என்னைத் திட்டலை, அதுதான் பயமா இருந்துச்சு. "இந்தத் தாளை எழுதினவரே வந்து நின்னு மரத்தைக் காட்டி, கையெழுத்துப் போடணும். இல்லைன்னா இது சேலைக் கதைதான். மாசக் கடைசி வரைக்கும்தான் நான் வெச்சிருக்க முடியும்"னாரு. மாசக் கடைசிக்கு இன்னும் ரெண்டு நாள். உன் டிக்கெட்டும் அதே நாளுக்குத்தான்.

உன்னை இருன்னு சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒரு தடவ உன்னை எறக்கினவ, மறுபடி ஏறுன்னு சொல்றது என்ன ஞாயம்? கீழ ஓடைப் பக்கம் இப்ப ஒண்ணுமே கத்தறதில்லையாமா. நீ கையெழுத்துப் போட்டாலும் ரோடு நிக்குமான்னு யாருக்குத் தெரியும். ரோடு நின்னாலும் பாறைக்கு மேல அது எங்க போகும்? அன்னிக்கே போட்டிருந்தா நடுச்சரிவாச்சும் மிஞ்சியிருக்கும். மிஞ்ச விடாம பண்ணினது உன் அம்மா. ஆனா மாரன் கொரங்குமுடிப் பாதையில, சோதனைச் சாவடிகிட்ட, நாளைக்குப் பூராவும் நிக்கறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. தவளைக்காக வேண்டாம், எனக்காக வேண்டவே வேண்டாம். வாசல்ல வெச்சு ஒரு மனுசனைக் குடிகாரன்னு சொன்னியே, அதுக்காகப் போ. காலைல உக்கடத்துல பொள்ளாச்சி பஸ் ஏறினீன்னா மத்தியானத்துக்குப் போயிருவே. போய் மொதல்ல அவர்கிட்டப் பேசு. மத்ததெல்லாம் உன் இஷ்டம்.

பீரோவுல பழைய சேலை எதுவும் இல்லை கண்ணு. அதனால ஆபீஸ்ல கொடுத்த பட்டுச் சேலையைக் கிழிச்சேன். வெலைச் சீட்டுக்கூட எடுக்கலை. ஒரு துண்டை இந்தக் கவர்லயே வெச்சிருக்கேன். அடுத்த வருசத்துக்கு.

அர்த்தம் தெரிஞ்சே அடிச்ச

உன் அம்மா

கட்டறதுக்கு மேல ஒரு மரமாச்சும் நிக்குதான்னு பார்த்துச் சொல்லு.